முன்னுரிமையில் வந்தவள்

மே 14, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் இரண்டு வாரம். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. ஆளிடம் சொல்லியாயிற்று, வந்தபாடில்லை. சிலிண்டர் பதிய வேண்டும். தயிர்.

ரகுவின் கணக்கை முடிக்க ஜங்ஷன் பக்கம் வங்கிக்கு. கவுண்டருக்கு மேலே பலகை: 'மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை'. அதற்குக் கீழே மூத்த குடிமக்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் காவலாளி. கை தானாகப் போனை எடுத்துப் படம் பிடித்தது. பிடித்த பிறகுதான் அனுப்ப ஆளில்லை என்று உறைத்தது.

எங்கள் விளையாட்டு அது. ரகுவுக்கு வீட்டிலிருந்தே வேலை, போன், கணினித் திரைகளில் வரும் சொற்களைத் தமிழாக்குவது. நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரப் பள்ளியில் ஆங்கிலம். அவர் இங்கே ஸ்ரீரங்கத்தில், நான் அங்கே. பேச்செல்லாம் போனில். ஒரு தடவை ப்ரிஃபரன்ஸ் என்பதற்குத் தமிழ் என்ன என்று சண்டை வந்தது. நான் விருப்பம் என்றேன், அவர் முன்னுரிமை என்றார். அன்றிலிருந்து அந்த இரண்டு சொல்லில் எது எங்கே கண்ணில் பட்டாலும் படமெடுத்து மற்றவருக்கு அனுப்புவோம். அவருடைய கடைசி வாதம் இன்னும் காதில் இருக்கிறது.

"விருப்பம் மனசுல இருக்கும் மாலு. முன்னுரிமை வரிசையில தெரியும். கம்ப்யூட்டருக்கு மனசு ஏது?"

இனி இங்கேதான் எழுதி வைக்க வேண்டும். இன்று கண்டது ஒன்று: வங்கி.

மே 15, வியாழன்

ரகுவின் அண்ணன் உறையூரிலிருந்து வந்தார். சாப்பிடவில்லை, மோர் மட்டும். தாலுகா ஆபீஸில் அலைந்து என் விதவைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வரும் 23 இடமாறுதல் கலந்தாய்வு. ஆன்லைன் விண்ணப்பத்தில் 'முன்னுரிமைப் பிரிவு' என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். எப்படியோ தெரிந்துகொண்டு விட்டார்.

வருஷா வருஷம் திருச்சி கேட்டேன். கணவன் மனைவி என்று முன்னுரிமை உண்டுதான், ஆனால் இருவருமே அரசு ஊழியராக இருக்க வேண்டும். ரகு அரசு ஊழியரில்லை. உயிரோடு இருக்கிற கணவனுக்காக அரசாங்கம் எனக்கு ஒன்றும் தரவில்லை. செத்த கணவனுக்குத் தருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னார், "இது பிச்சை இல்லம்மா மாலதி. நீ வேண்டாம்னா வேற யாராவது எடுத்துக்கத்தான் போறாங்க. அவன் எத்தனை வருஷமா ஆசைப்பட்டான்."

ஆசைப்பட்டார்தான். பிப்ரவரியில் நெஞ்சுவலி வந்தபோது இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். பால் பாக்கெட் மதியம் வரை வாசலிலேயே கிடந்ததாம். பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறார். இன்று காலையும் சொன்னார். கோலப்பொடி கடன் கேட்க வந்தவர்.

ப்ரிஃபரன்ஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'முன்னால் ஏந்திக்கொண்டு போவது' என்று அர்த்தம் என்பார் ரகு. பெருமாள் புறப்பாட்டைக் காட்டுவார். பிரபந்தம் சொல்கிறவர்கள் முன்னால் போகிறார்கள், வேதம் சொல்கிறவர்கள் பின்னால் வருகிறார்கள், பார், இங்கே தமிழுக்குத்தான் ப்ரிஃபரன்ஸ் என்று சிரிப்பார். எனக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் அவருடைய அண்ணன்தான் தெரிகிறார். நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு ரகுவுக்கு முன்னால் நடக்கிறார்.

கட்டத்தை நிரப்பினேன். 'விதவை'. கீழ்ப்பட்டியலில் தேர்வு செய்தால் போதும், எழுதக்கூட வேண்டாம்.

மே 18, ஞாயிறு

தூக்கமில்லை. வாயில் புண். கீரை வாங்கப் போய் மாம்பழத்தோடு வந்தேன். இமாம் பசந்த். பசந்த் என்றாலும் விருப்பம்தான், இந்தியில் பிடித்தது. "யாரோ ஒரு இமாமோட ப்ரிஃபரன்ஸ நாம திங்கிறோம்" என்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் சொல்வார். முதல் தடவை சிரித்தேன். பிறகெல்லாம் தோலைச் சீவிக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒரு தடவை சிரித்திருக்கலாம்.

இரண்டு கிலோ வாங்கியிருக்கிறேன். பழக்கதோஷம். ஒருத்தி எப்படித் தின்பது?

மாலையில் போன். ரகுவோடு அதே வேலையைத் தங்கள் மொழியில் செய்த மலையாளப் பெண். விஷயம் இப்போதுதான் தெரிந்ததாம். அவர்கள் குழுவில் எந்த மொழிக்காரரைக் கேட்டாலும் வரிசைதான் சொன்னார்கள் என்று ரகு பீற்றிக்கொண்டது நினைவு வந்தது. மலையாளத்தில் முன்கணன, கன்னடத்தில் ஆத்யதெ, தெலுங்கில் பிராதான்யத. மனசைச் சொன்னவள் நீ ஒருத்திதான் என்பார். அந்தப் பெண் அழுதுகொண்டே, "ரகுவினெ ஞங்ஙள்க்கெல்லாம் வலிய இஷ்டமாயிருந்நு" என்றாள்.

நம் வீடுகளில் 'உன் இஷ்டம்' என்றால் கதவைச் சாத்துகிறார்கள் என்று அர்த்தம். அங்கே அது அன்பு. போனை வைத்த பிறகு நன்றாக அழுதேன். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் ஒழுங்கான அழுகை.

கண்டது இரண்டு. வீதி முனையில் வாடகைப் பலகை: 'சைவம், குடும்பத்தினருக்கு முன்னுரிமை'. நான் இப்போது குடும்பமா?

மே 21, புதன்

காலிப் பணியிடப் பட்டியல் வந்துவிட்டது. திருச்சி மாவட்டம், ஆங்கிலம்: ஒன்று. ஒன்றே ஒன்று. திருவெள்ளறைப் பக்கம். இங்கிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

மதியம் ஜெசிந்தா வந்தாள் (இனி ஜெ.). ராமநாதபுரத்தில் என் பள்ளிக்கு அடுத்த ஊர்ப் பள்ளியில் அவளும் ஆங்கிலம். நானும் அவளும் ஒரே அறை, ஒரே ஸ்டவ். அவள் வீடு திருச்சி பாலக்கரை. கணவருக்கு அங்கே இரும்புக் கடையில் வேலை. மூன்று வயதுப் பெண் ஸ்டெஃபி மாமியாரிடம் வளர்கிறது. கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சாயங்காலமானால் போனில் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பாள், வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். இதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். வெயில், பஸ், மாதா கோயில் தேர் என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க முன்னுரிமைலதானே வரீங்கக்கா?"

ஆமாம் என்றேன்.

"அதான் சரி. உங்களுக்குத்தான் கிடைக்கணும்."

குரலில் ஒன்றுமில்லை. உண்மையாகத்தான் சொன்னாளா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். உண்மையாகச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். தட்டில் ஒரு துண்டுதான் குறைந்திருந்தது.

விட்டுக்கொடுத்தால் என்ன? இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? நான்கு சுவர், ஓடாத மோட்டார். விட்டுக்கொடுத்தால் அவருடைய ஆசை? போன மனுஷனுக்கு ஆசை ஏது? யாருக்காக விட வேண்டும், யாருக்காக எடுக்க வேண்டும்? தலைவலி. மாத்திரை போட்டேன்.

மே 23, வெள்ளி. ராமநாதபுரம்

கலந்தாய்வு. கூட்டம். மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது. முதலில் முன்னுரிமைப் பிரிவுகள், அப்புறம்தான் மற்றவர்கள். பட்டியலில் பெயர், பெயருக்கு எதிரே காரணம். இதய அறுவை சிகிச்சை, மாற்றுத்திறன், விதவை. ஒவ்வொருவரும் தன் துக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில். எங்களுக்குப் பின்னால் துக்கம் போதாதவர்கள். ஜெ. அந்தப் பக்கம், தூண் ஓரம். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண் குரல்கள்.

"திருச்சி போச்சு. அந்த டீச்சர் எடுத்துருவாங்க."

"அவங்களுக்கென்ன, முன்னுரிமை இருக்கு."

போன வருஷம் இதே வராண்டாவில் இதே பேச்சு, வேறு ஒரு பெண்ணைப் பற்றி. அப்போது எனக்குச் சுரீரென்று தைக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்வது, மாற்றிக்கொள்ளலாமா என்றா?

உள்ளே ஒரு மேசை, ஒரு திரை. அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். "உங்க ப்ரிஃபரன்ஸ் சொல்லுங்கம்மா" என்றார். எத்தனை வருஷம் இந்தக் கேள்விக்காக ஒத்திகை பார்த்தேன். திரையைப் பார்த்தேன். என்னுடைய விருப்பம் அந்தத் திரையில் எந்த ஊரிலும் இல்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். திருவெள்ளறைப் பக்கத்துப் பள்ளியின் பெயரைச் சொன்னேன். பெயர் திரையிலிருந்து அழிந்தது. ஆணை அச்சாகி வந்தது, இன்னும் சூடாக.

ரகுவுக்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அந்த அறைக்கு, அந்த ஸ்டவ்வுக்கு, அவரோடு போனில் பேசிக்கொண்டே நடந்த அந்தக் கடற்கரைக்குத் திரும்பிப் போகப் பயம். அதனால்தான் எடுத்தேன்.

ஜெ.யை மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். வெளியே வந்து சொன்னாள்: அவள் போய்ச் சேரக்கூடிய இடம் எதுவும் மிச்சமில்லை. இடம் எடுக்காதவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என்ன எழுத வேண்டுமென்று எழுத்தரே சொல்லிக்கொடுத்தாராம்: 'எனக்கு மாறுதலில் விருப்பமில்லை.'

"அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்க்கா" என்று சிரித்தாள்.

கண்டது மூன்று. இதற்குப் படம் இல்லை.

மே 24, சனி

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. புதுக்கோட்டையில் வேர்க்கடலை வாங்கினாள், பாதி எனக்கு. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை.

திருச்சி வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீங்க பக்கத்துலயே இருக்கப் போறீங்க. ஞாயித்துக்கிழமைல ஸ்டெஃபிய ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரீங்களாக்கா? எப்படி இருக்கான்னு நீங்க சொன்னா நம்புவேன். வீட்டுல எல்லாத்துக்கும் நல்லா இருக்கான்னுதான் சொல்றாங்க."

சரி என்றேன்.

ரகுவின் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவனுக்குச் சாந்தியாகும் என்றார். ஆணையைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

மே 28, புதன்

அக்னி கழிந்தது. ஒரு தூறல், மண் வாசனைக்குக்கூடப் போதவில்லை. தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறப்பு. ஜெ. நேற்றே கிளம்பிப் போய்விட்டாள், அந்த அறைக்கு, தனியாக. நாளை எனக்குப் புதுப் பள்ளி. புடவை இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று.

மாலை பாலக்கரை. கையில் நாலு இமாம் பசந்த். சந்துக்குள் வீடு, லாரிகளும் தள்ளுவண்டிகளும் வாசல் வரை. ஜெ.யின் கணவர் கடைக் கணக்கு என்று வெளியே போயிருந்தார். மாமியார் நல்ல மாதிரி, உட்காருங்க டீச்சர் என்று விசிறியைத் திருப்பி வைத்தார். ஸ்டெஃபி தலையை வாரிப் பூ வைத்துவிட்டிருந்தார்கள். இளைத்துப் போகவில்லை, இருமல் இல்லை. இதையெல்லாம் ஜெ.யிடம் சொல்ல மனசுக்குள் குறித்துக்கொண்டேன். மாம்பழத் துண்டோடு என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் சாறு.

மாமியார் எனக்கு வேடிக்கை காட்டுவதற்காகக் கேட்டார். ஊரில் எல்லாக் குழந்தையிடமும் எல்லோரும் கேட்பதுதான், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"பாப்பாவுக்கு யாரப் பிடிக்கும்? அம்மாவப் பிடிக்குமா, அப்பாவப் பிடிக்குமா?"

குழந்தைகள் பொதுவாக முழிக்கும், இல்லை ரெண்டு பேரையும் என்று கள்ளத்தனமாகச் சொல்லும். இவள் யோசிக்கவே இல்லை. "அப்பா."

"அப்போ அம்மா?"

அலமாரி மேல் சார்ஜில் கிடந்த போனைக் கை காட்டினாள். "அது போன்ல இருக்கும்."

மாமியார் சிரித்தார். தினமும் இதேதான் டீச்சர் என்றார். நானும் சிரித்து வைத்தேன். மடியில் கொதிக்கக் கொதிக்க எதையோ வைத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. காபியை அரை டம்ளரோடு வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து புடவையை ஊறப் போட்டேன். மோட்டார் ஓடுகிறது, அந்த ஆள் எப்போது வந்தானோ. ஏழு மணிக்கு ஜெ. போன். அங்கே காற்றின் சத்தம், எங்கள் அறையின் தாழ்ப்பாள் இல்லாத ஜன்னலை அவள் இன்னும் கயிற்றால் கட்டவில்லை. குழந்தை எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா, இருமினாளா என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். அப்புறம் இன்னொன்று கேட்டாள்.

"என்னக் கேட்டாளாக்கா?"

"கேட்டா. அம்மாவத்தான் பிடிக்குமாம்."

"நெசமாவா?"

நிஜம்தான் என்றேன்.