சரசு அக்காவின் கயிறும் என் கதவும்

என்னைத் திட்டுவதற்கென்றே கிள்ளானிலிருந்து போன் போடும் என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நீதான் என்று கை தானாக நீள்கிறது. எடுத்தால் யாரோ ஒரு பெண் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறாள். எனக்கு வருகிற கோபத்தில் அவளிடம் கத்திவிடுகிறேன். நீ பக்கத்தில் இருந்தால், "ஏன்டா அந்தப் பிள்ளையப் போட்டு ஏசுற? அதும் வேலைதானே செய்யுது?" என்று என்னை ஏசியிருப்பாய்.

முதலில் நல்ல செய்தி. புதிய புஷ் பார் சோதனையில் தேறிவிட்டது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்டபங்களில் அவசரக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்குமே, தள்ளினால் தாழ் விடுபட்டுக் கதவு வெளியே திறக்குமே, அதுதான் புஷ் பார். இங்கே மலேசியாவில், பூச்சோங்கில் ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து அதை வரைவதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. உனக்கு அது வெறும் கம்பி. "என் தம்பி அவ்ளோ படிச்சுட்டுக் கம்பி வளைக்கிறான் லா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

இதை உனக்கு மட்டும் எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் உன்மேல் பழி போட்டது ஊர். அந்தப் பழியை ஊர் முன்னால்தான் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவன் நான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

அத்தான் போன பிறகு உன் மகள் திவ்யாவை வளர்க்க நீ மணவறை அலங்காரத்தில் இறங்கினாய். கிள்ளானில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் உன் கைப் பூதான். மேடைக்குப் பின்னால் பட்டுத் திரை, அதன்மேல் மல்லிகைச் சரம், ஓரங்களில் வாழைமரம். அங்கேதான் நமக்குள் சண்டை தொடங்கும். மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற அவசரக் கதவையும் சேர்த்து நீ திரை போட்டு மறைத்துவிடுவாய். அதோடு புஷ் பாரை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவாய்.

"அக்கா, அது உயிர் காக்குற சாமான். அதைப் போய்க் கட்டுறியே!"

"கட்டாம என்னடா பண்றது? சின்னப் பிள்ளைங்க வந்து அதுல தொங்குதுங்க. தாலி கட்டுற நேரத்துல கதவு படார்னு தொறந்து கார் பார்க்கு வெயில் உள்ள அடிக்குது. போட்டோக்காரர் என்னையத்தான் ஏசுறாரு."

"அப்ப திரை எதுக்கு?"

"உன் கம்பியப் பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை போட்டோவுல இந்த அசிங்கம் விழணுமா? போடா டேய், போய்ச் சாப்பிடு."

நானும் சாப்பிடப் போய்விடுவேன். அதுதான் என் வீரம். உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. கிள்ளானில் அலங்காரம் செய்கிற எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். மண்டபத்து சூப்பர்வைசரே, "அக்கா, அந்தக் கதவைக் கொஞ்சம் கட்டி விட்டுடுங்க" என்று கேட்பார்.

அந்தக் காலை நேரத்துக் கல்யாணத்தில் நடந்தது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டி முடிந்து பாதிப் பேர் பந்தியில் இருந்தோம். நானும் இலை முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது. புகை பந்திப் பக்கமாக வந்து முன்வாசல் வழியை அடைத்தது. கூட்டம் முழுக்க மேடைப் பக்கம் ஓடியது, உன் திரையை நோக்கி.

நான் தள்ளுமுள்ளுவில் பின்னால் மாட்டிக்கொண்டேன். உன் மாம்பழ நிறச் சேலையை வைத்துத்தான் தூரத்தில் உன்னைக் கண்டுகொண்டேன். எல்லோருக்கும் முன்னால் ஓடினாய். திரையை ஒரே இழுப்பில் கிழித்தாய். இடுப்பில் செருகியிருந்த பூ வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினாய். அதற்குள் கூட்டம் வந்து கதவோடு கதவாக உன்னை அழுத்திவிட்டது. நீ கம்பியைத் தள்ளினாய். அது இறங்கவில்லை. மறுபடியும் தள்ளினாய். இறங்கவில்லை. யாரோ "கயிறு! கயிறு கட்டி வச்சிருக்கா!" என்று கத்தினார்கள்.

நீ திரும்பி, முதுகைக் கதவில் கொடுத்து, முன்னால் நின்றவர்களை இரண்டு கையாலும் தள்ளினாய். "பின்னால போங்க! ஒரு அடி பின்னால போங்க!" என்று நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூட்டம் ஓரடி நகர்ந்தது. நீ இடுப்பால் ஓர் இடி இடித்தாய். கதவு திறந்தது.

போம்பா தீயணைப்பு வண்டி வருவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். உயிர்ச்சேதம் இல்லை. பெண்ணின் சித்திக்கு மணிக்கட்டு முறிந்தது. புகையில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். உன் கன்னத்தில் கதவு மோதின காயம் வீங்கியிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அறுந்த கயிறு தொங்குகிற படம் மாலைக்குள் எல்லோர் போனிலும் சுற்றியது. "பூக்காரம்மா கட்டின கயிறு" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு உன்னை அநேகமாக யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரிடமும் நீ போக மாட்டேன் என்றுவிட்டாய். வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாய். பூ மார்க்கெட் இருக்கிற தெருவைத் தவிர்த்து நீ சுற்றி நடந்து போவதை நான் காரில் இருந்து ஒரு நாள் பார்த்தேன். இறங்கி வந்து பேசக்கூட எனக்கு முகமில்லை.

ஏன் முகமில்லை என்று இப்போது சொல்கிறேன், கேள்.

அந்தக் கதவின் பார் எங்கள் தொழிற்சாலையில் செய்தது. வரைந்தது நான். இரண்டு வாரத்தில் பரிசோதிக்கச் சொல்லி அது எங்களிடமே திரும்பி வந்தது; பதிலுக்கு அதே மாதிரி இன்னொன்று அங்கே போனது. கயிற்று நூல் ஏதாவது உள்ளே சிக்கியிருக்கும் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நார்கூட இல்லை. என்னோடு வேலை செய்கிற அஸ்மி, அதைச் சோதனைக் கதவில் மாட்டித் தள்ளிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. "ஓகே லா, ரவி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு நீ போட்ட சத்தம் ஞாபகம் வந்தது. பின்னால போங்க என்று ஏன் சொன்னாய்? கூட்டம் நகர்ந்த பிறகு ஏன் திறந்தது? கதவின்மேல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு கம்பியைத் தள்ளினேன். கனத்தது. அஸ்மியைக் கூப்பிட்டேன், இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டேன், எல்லோரையும் சாயச் சொன்னேன். கம்பி அசையவில்லை அக்கா.

துணியைத் திணித்து அடைத்த பெட்டியில் பூட்டு இறுகிக்கொள்ளும் இல்லையா? அதுதான் விஷயம். ஆள் சாயச் சாய, தாழின் நாக்கு சட்டத்தில் போய்க் கடித்துக்கொள்கிறது. ஒருத்தர் நிதானமாக நடந்து வந்து தள்ளினால் திறக்கும். உயிருக்குப் பயந்து நூறு பேர் முட்டினால் திறக்காது. அவசரக் கதவுக்கு இதைவிடக் கேடு வேறென்ன இருக்கிறது?

கயிறு கட்டியது தப்புதான். நீயே அதை ஒத்துக்கொள்வாய். ஆனால் உன் தப்பை நீ கத்தரிக்கோலால் இரண்டு நொடியில் சரிசெய்துவிட்டாய். அதற்கப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது என் தப்பு. நீ மட்டும் கூட்டத்தைப் பின்னால் தள்ளாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஊர் யாரைக் கும்பிட்டிருக்க வேண்டுமோ அவளைத்தான் ஏசியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலாளியிடம் "டிசைனை இன்னும் நல்லாப் பண்ணலாம் பாஸ்" என்று மட்டும் சொல்லிப் புதிய வேலையை ஆரம்பித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, இத்தனை வருஷ அனுபவக்காரன் இப்படிக் கோட்டை விட்டுவிட்டானே என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"டேய் ரவி, உனக்குத்தான் தெரியும். உண்மையச் சொல்லு. என் கயிறுதானே?"

"விடுக்கா. நடந்தது நடந்துபோச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு அதையே நெனச்சுக்கிட்டு இருப்ப?"

ஆறுதல் சொல்கிற மாதிரி எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டேன், பார். நீ தலையை ஆட்டிவிட்டு, எனக்கு முறுக்கு எடுத்துவர உள்ளே போனாய். நானும் வாங்கித் தின்றேன். அடுத்த வருஷம் ஒரு காலை உன் நெஞ்சு நின்றுவிட்டது. சொல்லலாம் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்த நாளெல்லாம் அதோடு முடிந்தது.

புதியதைப் பற்றி ஆசையாகச் சொல்ல வேண்டும், கேட்டுக்கொள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கதவில் சாயச் சொன்னோம். அஸ்மி ஒரு விரலால் அமுக்கினார். கதவு திறந்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து சிரித்தோம். தாழ் நாக்கின் முனையில் ஒரு சிறிய உருளை வைத்திருக்கிறேன். எவ்வளவு பேர் அழுத்தினாலும் அது கடிக்காமல் உருண்டு வந்துவிடும். பாரின் இரண்டு முனையும் கதவோடு சரிந்து போகின்றன. முந்தானை மாட்டாது. பின்னால் இடைவெளியே இல்லை, நீ தலைகீழாக நின்றாலும் கயிறு நுழைக்க முடியாது.

கோபப்படாதே. அலங்காரம் செய்கிற உங்களுக்குக் கட்ட இடம் வேண்டும் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவுச் சட்டத்துக்கு வெளியே, சுவரில், இரண்டு பக்கமும் வரிசையாகக் கொக்கி வைத்துத் தருகிறோம். தோரணம் அங்கே கட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் தொங்கினாலும் கதவு படாரென்று அடிக்காமல் மெதுவாகத் திறக்கும். நீ இருந்திருந்தால் "இதைப் பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருந்தா என்ன லா?" என்று கேட்டிருப்பாய்.

சோதனை தேறிய அன்றே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய பார் போன இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வா என்றார். பிறகு கிள்ளானுக்குத் திவ்யாவிடம் போனேன். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

முழுக்கக் கேட்டாள். குரல் உயரவே இல்லை. "அம்மா கடைசி வரைக்கும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க மாமா. உங்களுக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் என்னைத் தேற்றவில்லை. எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

சாப்பிட்டேன். அசல் உன் கைப்பக்குவம். தட்டை எடுக்க வந்தவள் கேட்டாள்: "இன்னும் எத்தனை மண்டபத்துல அந்தப் பழைய கதவு இருக்கு?"

நான் பட்டியலைக் காட்டினேன். பிரிக்ஃபீல்ட்ஸ், சாலாக் செலாத்தான், போர்ட் கிள்ளான் என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "ஒவ்வொண்ணுத்துக்கும் போவோம். நானும் வரேன். கதவை மாத்தறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்களக் கூப்பிட்டு என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லணும். அம்மா பேரைச் சொல்லிச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்" என்றாள்.

சரி என்றேன் அக்கா. வருகிற சனிக்கிழமை நீ அழுந்திக் கிடந்த அந்தக் கிள்ளான் மண்டபத்தில் தொடங்குகிறோம். கடைசிப் பழைய பாரை என் கையால் கழற்றுகிற வரைக்கும் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று சொல்வேன்: சரசு என்று ஒருத்தி இருந்தாள், அவள் என் அக்கா, அன்றைக்கு அத்தனை பேரையும் வெளியே அனுப்பியது அவள், கதவைப் பிடித்து வைத்தது நான். இது சத்தியம்.

உன் மகள் பக்கத்தில் நிற்கத் தலைகுனிந்து நிற்கப்போகும்
உன் தம்பி,
ரவி