நீ செய்த கழுத்தை நான் மாட்டவில்லை, அண்ணே

என் கூடப்பிறந்த சூசையண்ணனுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் தொடங்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் அது தெரியும். போட்டதாக வைத்துக்கொள். நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது, உன் வருஷப் பூசைக்குக் கோயில் பங்கு மடலில் நாலு வரி எழுதிக் கொடு என்று சாமியார் கேட்டார். உன்னைப் பற்றி நல்ல வரி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

என் சிவப்பு கிட்டாரை நீ மறந்திருக்க மாட்டாய். ஊர் மறந்திருக்கும், அதற்காகச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. தையல் தைத்து வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். டெலானிபூரில் ஒரு கல்யாண வீடு. கோயில் பாட்டுக் குழுவோடு நானும் மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். நீ மரமில்லிலிருந்து நேராக வந்தாய், தலையெல்லாம் மரத்தூள்.

"ஏட்டி, இத்தன ஆம்பளையளுக்கு மத்தியில என்னட்டி கூத்து?"

பதில் சொல்ல விட்டாயா? பிடுங்கி, மேடைப் படியில் ஓங்கி அடித்தாய். கழுத்து இரண்டாக ஒடிந்து கம்பியில் தொங்கியது. பிரியாணி பரிமாறியவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஒரே ஒருவராவது "ஏம்லே?" என்று உன்னைக் கேட்டார்களா?

ஒடிந்த கழுத்தை நீ எடுத்துக்கொண்டு போனாய். உடம்பு எனக்கு மிஞ்சியது. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்றோடு நம் பேச்சும் நின்றது. ஒரே வண்டூரில், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, அம்மா செத்த அன்றுகூட மதினி வழியாகத்தான் பேசினோம்.

உன்னை அடக்கம் செய்த மறுமாதம் சாக்கை அவிழ்த்தேன். லம்பா லைனில் ஆம்ப்ளிபையர் பழுதுபார்க்கிற மோண்டல் பாபுவிடம் பஸ்ஸில் கொண்டுபோனேன். தட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, பாடி டீக் ஹை. நயா நெக் சாஹியே" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கழுத்துதான் புதிதாக வேண்டும். நம் தீவில் கிடைக்காது, மெயின்லாந்திலிருந்து வரவழைக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாதாம். கழுத்தின் அடி, உடம்பில் இருக்கிற பள்ளத்தில் இறுக உட்கார வேண்டும். கம்பி நீளம் பழைய அளவுக்கு ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சேராது.

இதைக் கேள்விப்பட்டு மதினி வந்தார். கையில் உன் பழைய வேட்டிச் சுருள். பிரித்தால் ஒரு கழுத்து. படாக் மரம், செக்கச்செவேல் என்று, எண்ணெய் போட்டுத் தேய்த்து, குறுக்குக் கம்பியெல்லாம் பதித்து. மில் வேலை முடிந்து வீட்டோடு இருந்த காலத்தில் நீ செய்ததாம். ஒடிந்த துண்டுகளை இத்தனை வருஷம் வைத்திருந்து அளவெடுத்தாயாம்.

"இத மாட்டிக்கிடு சந்தனம். அவரு ஆத்துமாவுக்கு இதுதான் சாந்தி."

"உயிரோட இருக்கையில ஏன் கொண்டு தரல?"

"ஒம் மூஞ்சியப் பாக்க வெக்கம்."

"கல்யாண வீட்டுல அந்த வெக்கம் எங்க போச்சு மதினி?"

மதினி அழுதார். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு பாபு கடைக்குப் போய் மாட்டிப் பார்த்தேன்.

பாபு நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அடி கச்சிதமாக உட்கார்ந்தது. நீளம் மயிரிழை பிசகவில்லை. நீ வேலைக்காரன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிடித்தால் என் கை மூடவில்லை. உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது. விரல் பாதிக் கம்பிக்கே எட்டவில்லை.

"ஏன் மதினி இம்புட்டுக் கனம்?"

"இனிமே யாரும் ஒடிச்சிரக் கூடாதுன்னு கனமா வச்சாராம்."

சிரித்துவிட்டேன், அண்ணே. நம் ஊரில் கிட்டார் ஒடித்துக்கொண்டு திரிந்தது வேறு யார்? நீ உன் கையை அடக்கியிருந்தால் அந்த மெல்லிய கழுத்து இன்றைக்கும் இருந்திருக்குமே. துண்டு உன்னிடம்தானே இருந்தது, அதன் மெலிவு கண்ணில் படவில்லையா? உன் கை எவ்வளவு பெருசுட்டி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பேச வேண்டும். பேசுவதற்கு முன்னால் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அதைவிட மரம் செதுக்குவது உனக்கு லேசு.

இழைத்துக் குறைக்கலாமா என்றும் கேட்டேன். பாபு தலையை ஆட்டினார். உள்ளே இரும்புத் தண்டு வைக்காமல் செய்திருக்கிறாய், கனத்தினால்தான் நேராக நிற்கிறதாம். மெலியவைத்தால் கம்பி இழுக்கிற இழுப்பிலும் நம்ம கடல் காற்றிலும் வில்லாக வளைந்துவிடுமாம். ஆக, நீ வைத்த கனத்திலேயே எடுத்துக்கொள், இல்லை விட்டுவிடு. அப்பா போன நாளிலிருந்து வீட்டில் உன் பேச்சே அப்படித்தானே?

அப்புறம் பாபு, "ஹாத் திகாயியே, ஆன்ட்டி" என்றார். கையைக் காட்டினேன். காகிதத்தில் என் இடது கையை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். வேறு வேறு கனத்தில் மூன்று பைப் துண்டுகளைக் கொடுத்து, எது பிடிக்கச் சுகம் என்று கேட்டார். எது சுகம் என்று கேட்டார், அண்ணே. மெல்லிய துண்டைக் காட்டினேன்.

அந்தக் கனத்துக்கு ஒன்று கப்பலில் வந்து சேர்ந்தது. வெளுத்த மரம். சிவப்பு உடம்போடு ஒட்டாமல் மூத்தாள் பிள்ளை மாதிரி நிற்கிறது. நிற்கட்டும். கை மூடுகிறது.

மதினி உன்னுடையதை வேட்டியில் சுற்றிக்கொண்டு, "கல்நெஞ்சுக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ இருந்திருந்தாலும் வாசித்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் பொய். நீ கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நான் அந்தச் சாக்கைத் தொடவில்லை. ரோஷம் என்று ஊரிடம் சொல்லிக்கொண்டேன். பயம், அண்ணே. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் உன் செருமல் கேட்டால் என் கை தானாக மடிக்குள் போகும். கிட்டாரை ஒடித்ததை என்றைக்காவது மன்னித்துவிடுவேன். இந்தப் பயத்தை எனக்குள் வைத்ததை மன்னிக்கமாட்டேன்.

வருகிற ஞாயிறு உன் பூசையில், ஆண்கள் பக்கத்துக்கு முன்னால் நின்று வாசிப்பேன். விரல் தப்பினாலும் நிறுத்த மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கச்சி
சந்தனமேரி, வண்டூர்