எல்லோரும் சொன்ன ‘ஆச்சு’

நாள் 212, காலை 07:10
நிலவைச் சுற்றும் ஆய்வகம். பதிவு செய்பவர் மருத்துவர் ஜெசிந்தா. ஆட்கள் மூவர்: நான், கேப்டன் ரஹ்மத்துல்லா, பொறியாளர் இசக்கிமுத்து. மூவரும் நலம். எனக்கு சர்க்கரை வியாதி. வாராந்திர ஊசியை இன்று போட்டுக்கொண்டேன். அது பேனா வடிவில் வருகிறது, ஒன்றில் ஒரு வேளை மருந்து. மீதி ஆறு. ஆளுக்கொரு அறையில் வேலை என்பதால் இன்டர்காமில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டேன். இருவரும் “ஆச்சு” என்றார்கள். உணவுப் பட்டியலில் குறித்தேன்.

நாள் 214, காலை 11:40
பூமியிலிருந்து செய்தி: “திரும்பும் கலத்தில் ஒரு உந்துவிசை இயந்திரம் பழுது. நாள் 252இல் கிளம்பலாம். ஆட்களின் மொத்த எடை இருநூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருவர் மட்டும். யார் என்பது கேப்டன் முடிவு.”
கேப்டன் 71, நான் 58, இசக்கி 92. இருபத்தொரு கிலோ அதிகம். இனி இரண்டு வேளைதான் சாப்பாடு.
இசக்கி இன்டர்காமில், “டாக்டரம்மா, உங்க ஊசில ஒண்ணு எனக்கும் குத்திவிடப்படாதா? தொந்தி தானா இறங்கிரும்லா?”
“அது என் சர்க்கரைக்கு வந்தது, உங்க தொந்திக்கு இல்ல” என்றேன். ஊரில்தான் பசியை அடக்கி மெலிவதற்கென்று ஆளாளுக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இங்குமா?

நாள் 226, காலை 08:05
அந்த ஆறில் நான் இதுவரை போட்டுக்கொண்டவை இரண்டு. நான்கு இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கின்றன. மூன்று முறை எண்ணிவிட்டேன்.
இசக்கி இல்லை. திருட நினைப்பவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான். மிஞ்சுவது கேப்டன். ஊசி இல்லாவிட்டால் என் சர்க்கரை ஏறும், ஏறினால் நான் ‘பயணத்துக்குத் தகுதியற்றவர்’. ஆளைக் கழிக்க நல்ல வழி. பேனாக்களை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
சாப்பாடு: இருவரும் ஆச்சு.

நாள் 235, மாலை 16:20
ஊசியை மிச்சம் பிடிக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒன்று. சர்க்கரை 260.
கேப்டன் இன்டர்காமில்: “சுகர் எவ்வளவு இருக்கு டாக்டர்?”
“நூத்தி இருபது.”
வாய் கூசவில்லை. எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா?
எடை நாற்காலியில் இசக்கி 81. சைக்கிள் மிதித்தே இறக்கினாராம். சபாஷ் என்று எழுதினேன்.
சாப்பாடு: ஆச்சு, ஆச்சு.

நாள் 249, பகல் 13:30
இசக்கி மயங்கிவிட்டார். நாடி தாறுமாறு. உடம்பில் ஒரு சொட்டு நீர் இல்லை.
காற்று வடிகட்டிக்குப் பின்னால் கண்டெடுத்தவை: இரண்டு காலிப் பேனாக்கள், வாந்திப் பைகள், பிரிக்காத உணவுப் பொட்டலங்கள் நாற்பத்தாறு.
எனக்கே அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் கொடுத்தார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே முழு அளவு. நான் முறையாகக் கொடுத்திருந்தால் கூடவே இருந்து பார்த்திருப்பேன். கிண்டல் செய்து அனுப்பிவிட்டேன்.
நாற்பத்தாறு பொட்டலங்கள். நாற்பத்தாறு தடவை “ஆச்சு” என்று குறித்தவள் நான். பசியைப் பற்றியா கேட்டேன்? வணக்கம் சொல்வதைப் போலக் கேட்டேன். வணக்கத்துக்கு யார் “இல்லை” என்று பதில் சொல்வார்கள்?

நாள் 249, மாலை 15:00
விழித்தார். இன்டர்காம் மைக்கை அவர் வாயருகே வைத்தேன், கேப்டனும் தன் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.
“எடை கூடுன ஆளு நாந்தான. என்னயத்தான் விட்டுட்டுப் போவியன்னு தெரியும். அதான்...”
மறுபடி மயக்கம். அவரும் எங்களை நம்பவில்லை.

நாள் 249, மாலை 15:45
இசக்கி 75. கேப்டன் 68, நான் 57. மிகச் சரியாக இருநூறு.
டிரிப் ஏற்றாவிட்டால் இசக்கி பிழைக்க மாட்டார். குறைந்தது இரண்டு பை. ஒரு பை ஒரு கிலோ. 202.
கேப்டன்: “டிரிப் ஏத்துங்க டாக்டர். மத்தத நான் பாத்துக்குறேன்.”
எதை? யாரை?
முதல் பையை மாட்டிவிட்டேன்.

நாள் 251, காலை 09:00
இரண்டு பையும் இறங்கிவிட்டன. இசக்கி மூச்சு சீர். என் சர்க்கரை 340, தண்ணீரைக் குறைத்துவிட்டேன். எழுத்து மங்கலாகத் தெரிகிறது. நாளை கிளம்பும் முன் எடை பார்க்க வேண்டும்.
கேப்டனைக் கேட்டேன்: “சாப்பிட்டாச்சா?”
“ஆச்சு.” குரல் வறண்டிருந்தது. “நீங்க?”
“ஆச்சு.”
என் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் மிதக்கிறது. அவருடையதைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.
இதைக் கண்டெடுப்பவருக்கு: இந்தப் பதிவில் உள்ள ஒரு ‘ஆச்சு’வையும் நம்பாதீர்கள். நாளை நான் எழுதப்போ...