உள்வாய்ச் சனத்தை மூழ்கடித்தேன்

12 மார்ச், வியாழன்

காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏழாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் முப்பத்தெட்டு பாக்கி. கேஸ் புக் பண்ணணும். இட்லி அரிசி. அவர் சட்டைக்குப் பொத்தான்.

பதிப்பகத்து மேடம் அனுப்பிய படிவம் வந்துவிட்டது. ஒரே பக்கம். 'இந்த நாவலில் வரும் நாடு, மக்கள், ஊர்ப்பெயர், கதை அனைத்தும் முழுக்க என் சொந்தக் கற்பனை.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஸ்டாஃப் ரூமிலேயே போட்டுவிட்டேன். கை கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம். 

நான் தொடர்கதை போடுகிற ஆப்பில் அத்தியாயம் 41-க்கு வந்த கருத்துகளைப் படித்தேன். மூக்குத்திக் கண்மாய் கரை உடைந்து உள்வாய்ச் சனம் கூண்டோடு மூழ்கிச் சாகிற அத்தியாயம். அழுகிற பொம்மைகள் வரிசை வரிசையாய். நடுவில் ஒருத்தர்: 'கரை உடைந்தால் தண்ணீர் வெளியே போகும். கண்மாய்க்குள்ளே குடியிருக்கிறவன் எப்படி முங்குவான்? வெளியே இருக்கிற ஊர்தானே முங்கும்? இந்தம்மா கண்மாயைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா?'

பார்த்திருக்கிறேன். பஸ் ஜன்னல் வழியாக. இலுப்பூர் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்.

நாற்பது அத்தியாயம் வரை வராத தப்பு இதில் மட்டும் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாற்பதும் பாக்கியம் சொன்னது. இது ஒன்றுதான் நானாக யோசித்தது.

13 மார்ச், வெள்ளி

இங்கேயாவது உள்ளதை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

ஹாஸ்டல். ஒன்பதாவதும் பத்தாவதும். ஸ்டடி ஹாலில் நானும் பாக்கியமும் கடைசி பெஞ்ச். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவள் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், அதனால்தான். ஒரு குயர் நோட்டு இரண்டு.

அவள் சொன்னவை:

– அரக்கி ஒருத்தி மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு ஏழு இடத்தில் மண்ணைக் கிளறினாள். ஏழும் கண்மாயாச்சு. மூக்குத்தி இன்னும் கிடைத்தபாடில்லை. அதனால் அந்த நாட்டில் கல்யாணமாகி வருகிற பெண் சேற்றில் கையைவிட்டு ஒரு தரம் துழாவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகணும்.

– நிழல்காரர்கள். மரம் வளர்த்து, நிழலை முழம் போட்டு விற்பவர்கள். சாயங்காலம் நிழல் நீள நீள விலை இறங்கும்.

– கலிங்குக்காரர்கள். தீர்ப்புச் சொல்கிறவர்கள். கண்மாய் நிறைந்து கலிங்கில் தண்ணீர் வழிகிற நாளில் மட்டும்தான் வாய் திறக்கலாம். மழை பொய்த்தால் வழக்கு பத்து வருஷம் கிடப்பில்.

– உள்வாய்ச் சனம். கண்மாய்க்குள்ளேயே குடி. தண்ணீர் வந்தால் வீட்டைத் தூக்கித் தெப்பத்தில் கட்டுவார்கள். வற்றினால் இறக்கி வைத்துவிட்டு உழுவார்கள். "பொறம்போக்குல கெடக்குறவங்கன்னு ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க. ஆனா அவங்கதான்டி கடைசி வரைக்கும் இருப்பாங்க" என்பாள். அவள் வீடும் அப்போது கண்மாய்ப் புறம்போக்கில்தான்.

நான் சொன்னவை:

(ரொம்ப நேரம் யோசித்தேன்.) அத்தியாயத் தலைப்புகள்.

பத்தாவது முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம், கந்தர்வக்கோட்டைப் பக்கம். நோட்டு என்னிடமே தங்கிவிட்டது. இருபது வருஷம் கழித்து எடுத்து ஆப்பில் போட ஆரம்பித்தேன், என் பெயரில். 'எழுதினது நான்தானே' என்று ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிறத்தியார் பிள்ளைக்குத் தலைசீவிப் பொட்டு வைத்துவிட்டு என் பிள்ளை என்றால் ஆச்சா?

சாயங்காலம் சிலுவைப்பாதை. முடிந்ததும் பாவசங்கீர்த்தனம்.

"பொய் சொன்னேன் ஃபாதர்."

"எத்தனை தடவ?"

"நாப்பது தடவ."

"நாப்பதும் வேற வேறயா?"

"ஒரே பொய்தான் ஃபாதர். பாகம் பாகமா."

பின்னால் வரிசை நீளம். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இதோடு போச்சே என்று நானும் எழுந்து வந்துவிட்டேன். சீ.

ஞாயிறு நேரில் போய்ச் சொல்லிவிடுவது. முடிவு.

15 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து பஸ். புதுக்கோட்டையில் மாறினேன். உட்கார இடமில்லை. பையில் ஆரஞ்சு, பிஸ்கட், படிவம். படிவம் எதற்கென்றால், எல்லாம் சொல்லிவிட்டு அவள் எதிரிலேயே கிழித்துப் போடுவதாகத் திட்டம். பெரிய சினிமா.

பாக்கியம் முந்திரி உடைக்கிற கொட்டகையில் இருந்தாள். அவளோடு நாலு பெண்கள், தரையில் உட்கார்ந்து கட்டையால் டக் டக் என்று. கையெல்லாம் சாம்பல், அதற்கு மேல் கொட்டை எண்ணெய்க் கறுப்பு. நடுவில் செங்கல் மேல் ஒரு போன். அதில் மெஷின் குரல் ஒன்று கதை வாசித்துக்கொண்டிருந்தது. என் கதை. நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை. வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"வாடி! இங்கிட்டு வந்து உக்காரு, அங்கிட்டுப் பொகை. ஏய், நான் சொன்னேன்ல, கதை எழுதுற ஃப்ரெண்டு, இவதான்! எம் மவதான்டி போன்ல ஒன் பேரப் பாத்துட்டுக் காட்டுனா. தெனம் கேக்குறோம்."

ஒரு பெண் கட்டையைக் கீழே வைத்தாள். "நெசமாவே இம்புட்டும் ஒங்க மனசுலேருந்தா டீச்சர் வருது?"

நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம்: "பின்ன? ஸ்கூல்லயே அப்புடித்தான். நான் சும்மா பக்கத்துல உக்காந்து வாயடிச்சுக்கிட்டு இருப்பேன்."

அதுதான் சொல்ல வேண்டிய இடம். சிரித்தேன். ஆமாம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இதை எழுதவே கை கூசுகிறது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. "ஏன்டி உள்வாய் சனத்தைக் கொன்ன? கரை ஒடஞ்சா தண்ணி வெளியதானடி ஓடும். அவங்க சேத்துல நின்னுக்கிட்டு, முங்குற ஊருக்குத் தெப்பத்தை அனுப்புவாங்க. எகத்தாளம் பேசுன அம்புட்டுப் பேரையும் அவங்கதான் கரை சேப்பாங்க. அதுக்குத்தானடி அவங்கள வச்சோம்?"

வச்சோம் என்றாள். நான் என்ன செய்தேன்? அத். 42-ஐ மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அங்கேயே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. என்ன ஜென்மம் நான்.

"ஆரஞ்சு இருக்கு, எடுத்துக்க" என்று பையை நீட்டினேன். படிவமும் சேர்ந்து வந்தது.

"என்னடி, பொஸ்தகமாப் போடுறாங்களா!" சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தாள். "இந்த நாவலில் வரும் நாடு, மக்கள், ஊர்ப்பெயர், கதை அனைத்தும் முழுக்க என் சொந்த..."

அங்கே நின்றது. கண் கீழே போனது. என் கையெழுத்து, வியாழக்கிழமைத் தேதி.

"மிச்சத்தையும் படிங்கக்கா" என்றாள் ஒருத்தி.

"அம்புட்டுத்தான்." மடிப்பு இருந்தபடியே மடித்துப் பைக்குள் வைத்தாள். "டீ குடிக்கிறியா?"

குடித்தேன். நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இன்னொரு சாக்கு. கிளம்பும்போது ஒரு பொட்டலம் முந்திரி கட்டிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

16 மார்ச், திங்கள்

அசெம்பிளிக்கு லேட். ஹெச்.எம். வருகைப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

படிவத்தில் பாக்கியத்தின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. அழிரப்பர் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. பதிப்பக மேடத்துக்குப் போன் பண்ணினேன்.

"கறை பட்டா பரவால்லைங்க, வேற அனுப்புறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

"வேணாம் மேடம். அது என் சொந்தக் கற்பனை இல்லை."

"பின்ன யாரோடது?"

பெயர் சொன்னேன்.

"அவங்க எதுல எழுதுறாங்க?"

"எழுதலைங்க. முந்திரி உடைக்கிறாங்க."

எப்படிப் பழக்கம் என்று விசாரித்தார். அப்புறம், "அவங்க சம்மதிச்சா ரெண்டு பேர் பேரும் போடலாம். கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வைத்ததும் மனசு லேசான மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது. முன்பின் பார்த்திராத மேடத்திடம் வந்த வாய், எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் வரவில்லை.

பாக்கியத்துக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.

17 மார்ச், செவ்வாய்

எடுக்கவில்லை. அத். 41-ஐ ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கேஸ் வந்தது.

18 மார்ச், புதன்

மேகம் கட்டியிருக்கிறது, மழையைக் காணோம். விடைத்தாள் திருத்தி முடித்தாச்சு. முந்திரிப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. "வண்டு விழப்போகுது" என்கிறார் அவர்.

அவளிடம் பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். 1. மன்னிப்பு, முதலிலேயே, சுற்றி வளைக்காமல். 2. உன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். அல்லது உன் பெயர் மட்டும். 3. நோட்டு இரண்டையும் கொண்டுவந்து தருகிறேன்.

மத்தியான இடைவேளையில் சைக்கிள் ஷெட் பக்கம் போய் நின்று அடித்தேன். ஐந்தாவது ரிங்கில் எடுத்துவிட்டாள். பின்னால் டக் டக் என்று கட்டைச் சத்தம் மட்டும்.

"பாக்கியம், நான்தான்டி" என்றேன்.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள்.