பாசிக் கல்லும் பதினான்கு பக்கப் பாலிசியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஏஜென்ட் வந்தார். பொதுப் பொறுப்புக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் இடத்துக்காரர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார். ஒரு செடிக்கடைக்கு இது எதற்கு என்று போன வருடமே கேட்டேன். "எல்லாத்துக்கும்தான் மேடம்" என்றார். இந்த வருடமும் அதே பதில். எல்லாவற்றுக்கும் என்கிறவரிடம் எதற்கும் விவரம் இருப்பதில்லை.

பதினான்கு பக்கம். உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். செடி பட்டுப்போனால்? வராது. திருட்டு? அதற்கு வேறு பாலிசி. வேலைக்கு வரும் அம்மாளுக்கு அடிபட்டால்? அதற்கும் வேறு. சரி, நான் விழுந்தால்?

"நீங்க விழுந்தா உங்க பாடு மேடம். வெளியாள் யாராவது உங்க கடையால அடிபட்டு, உங்ககிட்ட நஷ்டஈடு கேட்டா, அதுக்குத்தான் இது."

இதை முதல் நிமிடமே சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வாசல் கல்லில் பாசி அடர்த்தியாகப் பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கரண்டியோடு வந்தார், சுரண்டிவிட. வேண்டாம் என்றேன். தாவரவியல் முதுகலையில் ஆறு மாதம் பாசிகளோடு குப்பை கொட்டியவள் நான். இத்தனை நல்ல பச்சை லேசில் வராது. ஃபோனில் படம் எடுத்து வைத்தேன்.

மார்ச் 12, புதன்

கணக்கு டீச்சர் விழுந்துவிட்டார்.

என் மகனுக்கு மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எழுபத்திரண்டு வயது. புதன்கிழமை தவறாமல் வந்து ஒரே ஒரு செடி வாங்குவார், அரை மணி நேரம் பேசிவிட்டு. பத்து மணிக்கு வாசல் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பத்தேகாலுக்கு அவர் வந்தார். பாசிக் கல்லில் கால் வைத்தார். அவ்வளவுதான். வலது கையை ஊன்றி விழுந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். மணிக்கட்டு இருந்த கோணத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையைக் கேட்க முடியவில்லை.

வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் இவர் முதல் வேலையாகக் கல்லைச் சுரண்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும்?

நான்தான். வேற யாரு? நான்தான்.

மார்ச் 13, வியாழன்

ஏஜென்டுக்கு ஃபோன் செய்தேன்.

"டீச்சர்கிட்ட என்ன சொன்னீங்க மேடம்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ரொம்ப நல்லது. சொல்லாதீங்க."

ஒன்பதாம் பக்கம் பார்க்கச் சொன்னார். கம்பெனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, சமரசம் பேசக் கூடாது. மீறினால் கிளெய்ம் நிற்காது. டீச்சரின் செலவு முழுவதும் டீச்சர் தலையில், அல்லது எங்கள் தலையில். எங்களிடம் அவ்வளவு இல்லை. டீச்சரிடமும் இல்லை.

"போய்ப் பாருங்க, பழம் வாங்கிக் குடுங்க, பக்கத்துல உட்காருங்க. ‘என் தப்பு’ன்னு மட்டும் வாயில வந்துடக்கூடாது."

நான் வருடத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் அதிகம். இவரைக் கேட்டால் அதுவே கூடுதல் கணக்கு என்பார். இந்த ஒருமுறை கேட்டே ஆக வேண்டும் என்றிருக்கிறது. அதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமாம்.

மார்ச் 14, வெள்ளி

போனேன். ஆபரேஷன் முடிந்து டீச்சர் மயக்கத்தில் இருந்தார். கட்டில் பக்கத்தில் மகள். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி ஆச்சுக்கா? வாசல்ல என்ன இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். ஒன்பதாம் பக்கம் ஞாபகம் வந்தது. "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

நான் கதவைத் தாண்டுவதற்குள் மகள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "வந்தாங்க, நின்னாங்க, போறாங்க. வாயில ஒரு வார்த்தை வரல பாரு."

மார்ச் 16, ஞாயிறு

கிளெய்ம் ஃபாரம். இவரே நிரப்பி வைத்திருந்தார். விபத்துக்கான காரணம்: வாடிக்கையாளரின் கவனக்குறைவு, தேய்ந்த செருப்பு.

செருப்பா? டீச்சர் போட்டிருந்தது புதுச் செருப்பு. நான் பார்த்தேன்.

"நாமளே கொண்டுபோய்த் தலையைக் குடுக்கணுமா? தப்பு நம்ம மேலன்னு எழுதினா ஒரு பைசா தரமாட்டான்" என்றார்.

"பொய் எழுதினா?"

"பாசி வழுக்கும்னு படிக்காதவனுக்கே தெரியும். நீ அதுல பட்டம் வாங்கியிருக்கே. அதையும் சேர்த்து எழுதிடு, சந்தோஷப்படுவாங்க."

ஃபாரத்தைக் கிழித்தேன். வேறு ஃபாரம் வாங்க ஒரு நாள் போகும். போகட்டும்.

மார்ச் 17, திங்கள்

பதினோராம் பக்கம்: "வேண்டுமென்றே செய்த செயலால் விளைந்த பாதிப்புக்கு இந்தப் பாலிசி பொருந்தாது." சுரண்ட வந்தவரைத் தடுத்து, அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தேனே. அது வேண்டுமென்றே இல்லாமல் வேறென்ன?

இருந்தாலும் எழுதினேன். பாசி இருந்தது, எனக்குத் தெரியும், எடுக்கவில்லை. மூன்று வரி.

மார்ச் 21, வெள்ளி

விபத்தை விசாரிக்கக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், டீ வேண்டாம் என்றுவிட்டார். சுத்தமான கல்லைக் குனிந்து பார்த்தார்.

"யார் சுரண்டினது?"

இவர் தொட்டிகளை அடுக்கப் போய்விட்டார், அடுக்கி வைத்த தொட்டிகளையே.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு படம் இருக்கா?"

தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து இவர் தலையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. ஆறாம் தேதி எடுத்த படத்தை எடுத்துக் காட்டினேன். தேதியோடு இருக்கிறது. விபத்துக்கு ஆறு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றார் சர்வேயர். என் மூன்று வரியைப் படித்தார். "ஏன் இவ்வளவு பயந்து எழுதியிருக்கீங்க?"

"பதினோராம் பக்கம். வேண்டுமென்றேன்னு போட்டிருக்கு."

"யாராவது விழணும்னு நினைச்சா விட்டு வச்சீங்க?"

"சேச்சே."

"அப்ப அது வேண்டுமென்றே இல்ல. அஜாக்கிரதை. அம்மா, அஜாக்கிரதைக்குத்தான் இந்தப் பாலிசியே. உங்க மேல தப்பே இல்லைன்னா அவங்களுக்கு நீங்க எதுவும் தர வேண்டியதில்ல. நீங்க தர வேண்டியதில்லைன்னா நாங்களும் தர வேண்டியதில்ல. செருப்பு தேய்ஞ்சிருந்துச்சுன்னு எழுதி, நாங்களும் அதை நம்பியிருந்தா, அந்த அம்மாவுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது."

இவர் தொட்டிகளை மறுபடி கலைத்து அடுக்க ஆரம்பித்தார்.

"அப்ப அவங்ககிட்டயும் சொல்லலாமா?"

"எங்ககிட்ட உண்மை சொல்லணும். அவங்ககிட்ட ஃபைல் முடியிற வரைக்கும் சொல்லக்கூடாது. எவ்வளவு பொறுப்புன்னு பேசறது எங்க வேலை."

கம்பெனிக்காரனிடம் உண்மை. விழுந்தவரிடம் மௌனம். பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு பாடம் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

டீச்சர் வராத நான்காவது புதன். மகள் ஃபோனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பெனியிலிருந்து கடிதம். கூடுதல் ஆவணங்கள் வேண்டும். போன வாரம் கேட்டுக் கொடுத்த அதே ஆவணங்கள். அலுவலகத்துக்கே போனேன். மூன்றாவது மேஜை இரண்டாவது மேஜைக்கு அனுப்பியது, இரண்டாவது மேஜை சாப்பிடப் போயிருந்தது. அதன் எதிர் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் மறுபடி படித்தேன். எனக்கு இப்போது மனப்பாடம். மேஜைக்காரருக்கு இல்லை. ஒன்பதாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார்.

அப்படி ஒன்று இருப்பதால்தானய்யா ஒரு மாதமாக நான் ஊமையாகத் திரிகிறேன்!

மே 6, செவ்வாய்

மகளே அழைத்தார்.

"அக்கா, பணத்தை விடுங்க. அது வரும்போது வரட்டும். அம்மா ஒண்ணுதான் கேட்கறாங்க. அவளுக்கு வருத்தமே இல்லையான்னு."

"இருக்குன்னு சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்களேன்."

வருத்தம் என்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றா? எந்தப் பக்கத்திலும் இல்லை. "சொல்றேன். கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன். கொஞ்ச நாள்! பால் பாக்கிக்காரி மாதிரி. அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

மே 28, புதன்

முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவும் மேற்கொண்டு ஒரு தொகையும் டீச்சருக்கு நேரடியாகப் போய்விட்டன. நகல் எனக்கு வந்தது. அதில் கடைசி வரி: "எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் இத்தொகை வழங்கப்படுகிறது." தவறு என்று எழுதிக் கொடுத்தவள் நான். தவறு இருந்ததால்தான் கொடுத்தார்கள். கொடுக்கும்போது தவறே இல்லை! இவரிடம் படித்துக் காட்டினேன். "கிடைச்சுதுல்ல, விடு" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "செருப்புன்னு எழுதினது தப்புதான்" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போனேன். மகள் வெளியே போயிருந்தார். டீச்சரே கதவைத் திறந்தார், இடது கையால். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"தப்பு என்னோடது டீச்சர். பாசி இருக்குன்னு தெரியும். பார்க்க நல்லா இருக்குன்னு விட்டுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"எண்பத்தோரு நாளாச்சு."

"ஃபைல் முடியிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு கம்பெனி..."

"மூச்சு விடாதேன்னு கம்பெனி சொன்னா விடமாட்டியா?"

பையில் ஒன்பதாம் பக்கத்தின் நகல் இருந்தது. எடுக்கவில்லை.

டீச்சர் அலமாரியைக் காட்டினார். "அந்த நகவெட்டியை எடு. இந்தக் கை இன்னும் சரியா மடங்கல. மகள் அவசரத்துல சதையோட வெட்டறா."

எதிரில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது விரலில் நகவெட்டி சதைக்குக் கிட்டே போய்விட்டது.

"பார்த்து. ரத்தம் வந்தா மறுபடியும் ஃபாரம் நிரப்பணும்."

"இது என் கடை இல்ல டீச்சர். இங்க பாலிசி செல்லாது."

"அப்ப ஒழுங்கா வெட்டு."

ஒழுங்காக வெட்டினேன். சுண்டுவிரல் முடிந்ததும் வலது கையை அவரே மெதுவாகத் தூக்கி, மேஜைமேல் என் பக்கம் வைத்தார்.