குழலின் வாயில் குங்குமம்

பிரியமுள்ள உங்களுக்கு,

எல்லை மனு வேலையாகச் சித்தூரில் இன்னும் ஒரு வாரம் தங்குவீர்களாமே. இங்கே ஆயுத பூஜை நன்றாகவே நடந்தது.

கலப்பை, அரிவாளோடு நீங்கள் காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும் துப்பாக்கியையும் அத்தை படையலில் சாய்த்து வைத்திருந்தார். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த நான், அதன் குழல் வாயிலும் வைக்கக் குனிந்தேன்.

"அக்கா, அதுக்கு எதிர்ல நிக்காதே! உள்ள தோட்டா கீதுன்னுதான் எப்பவும் நெனைக்கணும்."

திருச்சானூரிலிருந்து பண்டிகைக்கு வந்திருக்கும் உங்கள் மாமன் மகள் யசோதாதான் கத்தினாள். என்னை விலக்கிவிட்டு, குழலை ஆளில்லாத தோட்டத்துப் பக்கம் திருப்பினாள். அவள் விரல் விசையைத் தொடவே இல்லை. துப்பாக்கியை மடக்கித் திறந்ததும் தோட்டா வெளியே வந்தது. எடுத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன அதே தோட்டா.

"யார்டி உனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றார் அத்தை.

"மாமாதான்."

"எம் புள்ள உன்னியே கட்டினு இருந்தா எனுக்கும் பயமில்ல, பன்னிக்குத்தான் பயம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது "தொடாதே" என்ற ஒன்றைத்தான்.

துப்பாக்கியை நெல் அறையிலும் தோட்டாக்களை என் புத்தகப் பெட்டியிலும் தனித்தனியாகப் பூட்டிவிட்டேன். என் உயிரைக் காப்பாற்றியவளுக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொடுங்கள், நியாயம்தான். ஆனால் விசையில் படாமல் விரலை நீட்டிவைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தபோது, அந்த விரலைப் பிடித்துக் காட்டினீர்களா, வாயால் சொன்னீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சாவிகளோடு காத்திருக்கும்,
உங்கள் மனைவி