டபுள் பார்

12-7-94, செவ்வாய்.

பழைய சைக்கிளின் ஃபிரேம் முறிந்துவிட்டது. கொல்லயில் கிராமத்திலிருந்து பாறசாலை ரயில் நிலையத்துக்குத் தினமும் போய்வர வேறொன்று வேண்டும். சாயங்காலம் கடைக்குப் போனேன். கடைக்காரர் கியர் வைத்த புது மாடலைக் காட்டினார். கெட்டுப்போனால் இங்கே பார்க்க ஆளில்லை, வேண்டாம் என்றேன். மேலே ஒரு கம்பி மட்டும் உள்ள சாதாரண ஃபிரேம் போதும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அப்படி ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கனமில்லை.

“சாரே, ஒத்தைக்குப் போறதுக்கு இது மதி, போதும். பிள்ளைய முன்னால இருத்திட்டுப் போணும்னா டபுள் பாராக்கும் நல்லது. வீட்டுல கொச்சுப்பிள்ளை உண்டுல்லா?”

“உண்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மகள் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகிறது. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். அவர் இரட்டைக் கம்பி ஃபிரேமை எடுத்து, மேல்கம்பியில் ஒரு குட்டி சீட்டும் முறுக்கித் தந்தார். பார்த்துக்கொண்டு நின்றேன். வீடுவரை முழங்கால் அதில் இடித்துக்கொண்டே வந்தது.

மனைவி எஸ்தர் முற்றத்துக்கு வந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுவந்து அந்தச் சீட்டின் மேல் இறுக்கிக் கட்டினாள்.

“மழை பெய்யும். நனஞ்சு போவும்” என்றாள்.

இப்போது நல்ல மழை. சைக்கிளை உள்ளே எடுத்துவைக்க எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சீட்டு மட்டும் நனையாமல் இருக்கும்.